வெள்ளை மானுக்கு வளையல்

கோபம் வந்தால் எனக்கு நடக்க வேண்டும். நியூ ஜெர்சியில், எடிசனில் இருந்த வருடங்களில், ரயில் நிலையம்வரை விறுவிறுவென்று நடந்துபோய் எந்த ரயிலிலும் ஏறாமல் திரும்பி வருவேன். கலிஃபோர்னியாவில், பிளசன்டன் வீட்டுக்குப் பின்னால், காய்ந்த புல் மூடிய குன்று ஒன்று இருந்தது. ஏறி இறங்கினால் பாதிக் கோபம் மேலேயே தங்கிவிடும். டெக்ஸஸில், பேர்லேண்டில், நடக்க இடமில்லை. எங்கள் தெருவின் நடைபாதை கொஞ்ச தூரம் வந்து, பேச்சைப் பாதியில் விட்டவன்போல, புல்லுக்குள் நின்றுவிடுகிறது. அப்பால் ஆறு லேன் சாலை. கார்கள், கார்கள். ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு வெள்ளைத் துருவமானைப் பற்றி. ரெயின்டீர். கிறிஸ்துமஸ் அட்டைகளில் தாத்தாவின் வண்டியை இழுக்குமே, அந்த இனம். அதில் எப்போதாவது பிறக்கும் வெள்ளை. அதைப் போன ஜனவரியில் ஒரு மதியம், பேர்லேண்ட் வெயிலில், எங்கள் குடியிருப்பின் கிளப்ஹவுஸ் கார் பார்க்கிங்கில் நிற்கவைத்து மாட்டுப் பொங்கல் கொண்டாடினோம். ‘கொண்டாடினார்கள்’ என்று எழுதத்தான் கை போனது. அழித்துவிட்டுக் ‘கொண்டாடினோம்’ என்று எழுதுகிறேன்.

அலாஸ்காவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். துருவ ஒளி பார்க்க மற்றவர்கள் ஐஸ்லாந்து போவார்கள், நார்வே போவார்கள். கிரீன் கார்டு வரிசையில் வருடக்கணக்காக நிற்கும் எங்களைப் போன்றவர்கள் நாட்டைவிட்டுக் கால் எடுத்துவைத்தால் திரும்பிவர விசா ஸ்டாம்பிங்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து ஃபேர்பேங்க்ஸ் போவோம். அமெரிக்காவை விட்டு வெளியேறாமல் வடதுருவத்தை எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு. அந்த ஊர் ஹோட்டல் வராந்தாக்களில் குளிர்காலம் முழுக்க மைக்ரோவேவில் சூடாகும் புளியோதரை வாசனை இருக்கும். எங்களுக்கு வாய்த்த மூன்று நாளும் மேகம். வானம் ஈயத்தட்டுபோல மூடிக் கிடந்தது. வந்ததற்கு எதையாவது பார்த்துவிட்டுப் போகலாம் என்று, கிளம்பும் நாள் காலையில், கணவரும் மகளும் நானும் ஒரு மான் பண்ணைக்குப் போனோம்.

பண்ணையை நடத்தியவளுக்கு என் வயது இருக்கும். தாய் வழி அலாஸ்காவின் பூர்வகுடி. தந்தை வழி ஸாமி இனம். மான் மேய்க்கக் கற்றுக்கொடுப்பதற்காக நார்வேயின் வடகோடியிலிருந்து மந்தையோடு கப்பலில் அழைத்துவரப்பட்ட குடும்பங்களில் ஒன்று. அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமையும் இல்லை, சோகமும் இல்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மான்கள் எங்களுக்கு நடுவே, எங்களைப் பொருட்படுத்தாமல் நடந்தன. ஒவ்வொரு அடிக்கும் கணுக்காலில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கண் தெரியாத பனிக்காற்றில் ஒன்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இன்னொன்று போகும் என்றாள்.

வேலியின் மறுபுறம் வெள்ளை நின்றிருந்தது. எனக்கு முதலில் அது தெரியவில்லை. பனி, பனிக்குமேல் பனி. அப்புறம் அந்தப் பனியில் இரண்டு கறுப்புக் கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. ‘ஆல்பினோவா?’ என்றார் என் கணவர். கண்ணைப் பாருங்கள், சிவப்பாகவா இருக்கிறது, ரோமத்துக்குத்தான் நிறம் இல்லை என்றாள் அவள். அப்போது பதின்மூன்று வயதான என் மகள், தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

‘அவள் அதற்கு இல்லை’ என்றாள் பண்ணைக்காரி. கோபம் கிடையாது, விளக்கமும் கிடையாது. பால் தீர்ந்துவிட்டது என்று கடைக்காரர் சொல்வதுபோலச் சொன்னாள்.

மற்றதை எல்லாம் நடந்துகொண்டே சொன்னாள். கோடையில் துந்திரா பழுப்பாகவும் பச்சையாகவும் கிடக்கும்போது, இரண்டு மேடு தாண்டி நிற்கும் மந்தையை அந்த ஒரு வெள்ளைப் புள்ளியை வைத்துத்தான் அவள் தாத்தாக்கள் கண்டுபிடிப்பார்களாம். அதனால் மந்தையில் ஒரு வெள்ளை இருந்தால் அதிர்ஷ்டம். மேய்ப்பன் கண்ணுக்குத் தெரிவது கழுகின் கண்ணுக்கும் தெரியும் என்பதால் வெள்ளைக் குட்டிகள் பல, இலையுதிர் காலத்தைப் பார்ப்பதில்லை. இன்னும் கிழக்கே, சைபீரியாவில், சில இனத்தார் வெள்ளையைத் தெய்வத்துக்கு என்று ஒதுக்கிவைப்பார்கள், சாதாரண வண்டியில் பூட்ட மாட்டார்கள். அப்புறம் கொம்பு. ஆண்களுக்குக் குளிர்காலம் பாதி ஆவதற்குள் கொம்பு உதிர்ந்துவிடும். ஜனவரியில் கொம்போடு நிற்பது பெரும்பாலும் வயிற்றில் குட்டியோடு இருக்கும் பெண். பனியைக் குளம்பால் தோண்டி அடியில் இருக்கும் பாசியைத் தின்ன வேண்டும். தோண்டிய குழியை இன்னொருவன் வந்து பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க அவளுக்குக் கொம்பு வேண்டும். குட்டி போடும்வரை அதை விட மாட்டாள்.

இப்போதெல்லாம் நடுக்குளிரில் மழை பெய்கிறது என்றும் சொன்னாள். பெய்கிற மழை பனிமேல் கண்ணாடியாக இறுகிவிடும். குளம்பு வழுக்கும். பாசி கீழே இருக்கும், எட்டாது. எந்த ஊர் நீங்கள் என்றாள். ஹூஸ்டன் பக்கம் என்றார் கணவர். என்ன வேலை என்றாள். ஐ.டி. என்றார். அவர் எழுதும் மென்பொருள் எண்ணெய்க் குழாய்களை மேய்க்கிறது. ஐ.டி. எவ்வளவு வசதியான சொல். அதற்குள் எதையும் போட்டு மூடிவிடலாம். நானும் வாயைத் திறக்கவில்லை.

திரும்பும் விமானத்தில் எங்கள் குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நீளமான பதிவு எழுதினேன். அங்கே நான்தான் ‘எழுதுகிறவள்’. பிறந்தநாள் வாழ்த்து, இரங்கல், பொங்கல் அழைப்பிதழ் எல்லாம் என்னிடம்தான் வரும். வெள்ளை மானைப் பற்றி, ‘பனி தன்னையே நினைத்துப் பெற்ற மகள்’ என்று எழுதினேன். ‘தெய்வங்கள் தமக்கென்று வைத்துக்கொண்ட ஒரே நிறம்’ என்று எழுதினேன். கழுகை விட்டுவிட்டேன். மழையை விட்டுவிட்டேன். ‘அவள் அதற்கு இல்லை’ என்ற வாக்கியத்தை எழுதிப் பார்த்தேன். பத்தியின் ஓசை கெட்டது. அதையும் எடுத்துவிட்டேன். விமானம் இறங்குவதற்குள் குழுவில் சிவப்பு இதயங்களாகக் கொட்டிக் கிடந்தன.

இரண்டு வருடம் கழிந்தது. ஒவ்வொரு ஜனவரியும் பொங்கலுக்கு ஒரு பண்ணையிலிருந்து மாட்டை வாடகைக்குக் கொண்டுவருவோம். மாலை போட்டு, குங்குமம் வைத்து, குழந்தைகளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு அனுப்புவோம். இந்த முறை மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் துறுதுறுப்பான ஆள். என்னைவிடப் பத்து வயது இளையவன். ப்ராஜெக்ட் மேனேஜர். எந்தப் பிரச்சினைக்கும் மாற்று ஏற்பாடு இல்லாமல் தூங்க மாட்டான். இரண்டு நாளில் குழுவில் போட்டான்: ‘மாடு கிடைக்கல மக்களே. பட் நமக்கு ஒரு வெள்ளை ரெயின்டீர் கிடைச்சிருக்கு! அக்கா எழுதினாங்களே, தெய்வ மான், அதே!’

கோபப்படத் தெரிந்தவள் நான். அன்றைக்கு வரவில்லை. ஒருவன் இரண்டு வருடமாக என் வரியை ஞாபகம் வைத்திருக்கிறான் என்ற குளிர்ச்சிதான் வந்தது. நானும் ஒரு இதயம் போட்டேன். அழைப்பிதழுக்கு இரண்டு வரி கேட்டான். எழுதிக்கொடுத்தேன்.

அன்று எண்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட். ஜனவரியில் இங்கே அப்படி ஒரு நாள் வந்துபோகும். கார் பார்க்கிங் தார் மெத்தென்றிருந்தது. சமையல் வாயு அடுப்பில் பெரிய பானை, அலுமினியத் தட்டுகளில் வடை, பட்டுப்பாவாடைகள், ஸ்பீக்கர். நான்கு மணி நேரம் ஓட்டிவந்த டிரெய்லரிலிருந்து பண்ணைக்காரர் அதை இறக்கினார். எழுபதை நெருங்கும் வெள்ளைக்கார மனிதர், தொப்பி வியர்வையில் நனைந்து கறுத்திருந்தது. மான் சரிவுப் பலகையில் நின்று ஒரு நிமிஷம் யோசித்தது. வெள்ளை என்றால் நான் எழுதிய வெள்ளை அல்ல. வடித்த கஞ்சியின் வெள்ளை. விலாவில் கொஞ்சம் மஞ்சளும் அழுக்குமாக. ஒவ்வொரு ரோமமும் உள்ளே காற்றை அடைத்துவைத்திருக்கும் குழல் என்று ஃபேர்பேங்க்ஸ் பண்ணைக்காரி சொல்லியிருந்தாள். குளிரை உள்ளே விடாத கம்பளி. வெப்பத்தை வெளியே விடாத கம்பளியும் அதுதான்.

வடைத் தட்டுகளை அடுக்கிவிட்டு நான் வருவதற்குள் ஒரு கொம்பு நீலமாகியிருந்தது. மறு கொம்பில் பாதி சிவப்பு. குழந்தைகளின் போஸ்டர் பெயின்ட். நெற்றியில் மஞ்சளைக் குழைத்துத் தடவி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்கள். ரோமத்தில் மஞ்சள் இழுபட்டுக் கண்வரைக்கும் வந்திருந்தது.

“அக்கா, வாங்க வாங்க! ஃபர்ஸ்ட் ஃபோட்டோ நீங்கதான். உங்க ஹீரோ ரெடி” என்றான் ஒருங்கிணைப்பாளர். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் பிரஷ்ஷோடு.

“கொம்புக்கு யாரு பெயின்ட் அடிக்கச் சொன்னது?”

“மாட்டுப் பொங்கல்னா கொம்புக்கு பெயின்ட் அடிக்காம? வாஷபிள்தான்க்கா, அந்த அங்கிள்கிட்ட கேட்டுட்டுத்தான் அடிச்சோம். காளை என்ன கம்பீரமா நிக்குது பாருங்க.”

“அது காளை இல்ல.”

“கொம்பு இருக்கே?”

பின்னால் வரிசையில் நின்ற ஆண்கள் சிரித்தார்கள். ஒருவர், “ஏய், வாடிவாசல் தொறந்தாச்சு, யாருப்பா அடக்கப் போறது?” என்றார். இன்னொருவர், “உன் மேனேஜரையே உன்னால அடக்க முடியல, போவியா” என்றார். பானை பொங்கியது. தட்டுகளைக் கரண்டியால் தட்டி “பொங்கலோ பொங்கல்!” என்று கத்தினார்கள். மான் நாக்கைத் தொங்கப்போட்டது. விலா வேகமாக ஏறி இறங்கியது. எதிரே நின்ற மின்விசிறி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அடுப்பு அணைகிறது என்று யாரோ அதைத் திருப்பிவைத்திருக்கிறார்கள்.

என் மகள் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். “அம்மா, ஷி’ஸ் பேன்ட்டிங். லைக், ரியலி பேன்ட்டிங்.”

“மூச்சு வாங்குது, பாத்தேன்டா.”

“ஸோ டூ சம்திங்.”

ஒருங்கிணைப்பாளரிடம் போனேன். டிரெய்லரில் ஏசி இருக்கிறது, அதற்குள் ஏற்றிவிடச் சொல் என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் வரிசையைப் பார்த்தான்.

“அக்கா, எல்லாரும் எவ்ளோ நேரமா நிக்கிறாங்க. சீஃப் கெஸ்ட் வேற வரணும். ரெண்டு மணி வரைக்கும் பேசியிருக்கோம். ஃபேன் இருக்கே?”

“ஃபேன் அடுப்புக்குப் பயந்து திரும்பி நிக்குது. இது துருவத்து மிருகம். இந்த வெயில் தாங்காது.”

“டெக்ஸஸ்லயே வளர்ந்ததுக்கா. பழகியிருக்கும். நாம பழகலையா?”

வரிசையில் இருந்து ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். “கரெக்ட்! நம்மள மாதிரிதான். எங்கேயோ இருக்க வேண்டியது, இங்க வந்து லைன் லைனா ஃபோட்டோ குடுத்துட்டு நிக்குது. எச்-ஒன்-பி விசா மான்!”

கார் பார்க்கிங்கே சிரித்தது. எனக்குக் கோபம் அப்போதுதான் முழுசாக வந்தது. பெயின்டைவிட, மஞ்சளைவிட, அந்த ஒப்பீடு என்னை எரித்தது. ஏனென்றால் அது என்னுடையது. இருபது வருடமாக நான் எழுதுவதே அதுதான். ஹூஸ்டன் கால்வாயில் தனியாக நின்ற கொக்கு நான். பிளசன்டனில் வாங்கி வாடிய மல்லிகைச் செடி நான். எடிசன் பனியில் வழி தவறி வந்த குருவி நான். உலகத்தில் மூச்சுவிடும் எதைப் பார்த்தாலும் அதன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு என் சோகத்தைப் பாடியிருக்கிறேன். அந்த மான் எங்களைப் போல இல்லை. எங்களில் ஒருவரும் கழுத்தில் கயிறோடு வரவில்லை. எங்கள் வீடுகளில் எழுபத்திரண்டு டிகிரியில் ஏசி ஓடுகிறது. அதற்கு மூச்சு வாங்கியது. அதில் உவமை எதுவும் இல்லை.

பண்ணைக்காரரிடம் போனேன். வாளித் தண்ணீரை அதன் வாய்க்கருகே பிடித்துக்கொண்டிருந்தார். அது குடிக்கவில்லை. அரை மணியாக அந்தப் பையனிடம் ஏற்றட்டுமா என்று கேட்கிறேன், பொறுங்கள் பொறுங்கள் என்கிறான் என்றார். பேசிய நேரம் முடியாமல் ஏற்றினால் என்ன சொல்வார்களோ என்று அவருக்குத் தயக்கம். நான் கொம்பைப் பார்த்தேன். அந்த நீலத்துக்கும் சிவப்புக்கும் அடியில் ஜனவரிக் கொம்பு.

இவள் வயிற்றில் குட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். ஆமாம், ஏப்ரல் கடைசியில் என்றார். பிறகு ஏன் கொண்டுவந்தீர்கள் என்றேன். கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஜனவரியில் இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை, நீங்கள் கூப்பிட்டீர்கள் என்றார்.

மைக் மேஜைமேல் இருந்தது. வழியை மறித்து நிற்கும் கார்களை எடுக்கச் சொல்வதற்காக வைத்திருந்தது. எடுத்தேன். துருவம், வெயில் என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. அதனால் இவ்வளவுதான் சொன்னேன்: “இது காளை இல்ல. பொண்ணு. மாசமா இருக்கா.”

ஸ்பீக்கரில் அது இரண்டு தடவை கேட்டது. மடக்கு நாற்காலியில் வடை தின்றுகொண்டிருந்த ஒருங்கிணைப்பாளரின் மாமியார் எழுந்தார். ஆறு மாத விசாவில் தாம்பரத்திலிருந்து வந்திருப்பவர். எட்டுப் பிள்ளைப்பேறு பார்த்த கை என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்.

“அடப்பாவிங்களா! புள்ளத்தாச்சியவா வெயில்ல நிறுத்தி ஃபோட்டோ எடுத்துட்டு இருக்கீங்க?” என்றபடி வந்தார். மருமகனின் பெயின்ட் பிரஷ்ஷைப் பார்த்து, “நீங்கதான் மாப்ள, எதையும் விசாரிக்காமதான செய்வீங்க” என்றார். ஆண்கள் வரிசை தானாகக் கலைந்தது. நான் சொல்லி நகராதவர்கள் நான்கு அடி பின்னால் போனார்கள். பெண்கள் முன்னால் வந்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதை எழுத இப்போது கூசுகிறது.

“ஏம்மா, எத்தனாவது மாசம்?” என்றார் மாமியார்.

“நாலு ஓடுது ஆன்ட்டி. ஏப்ரல்ல குட்டி போடும். முதல்ல உள்ள ஏத்தணும்.”

“ஏத்தலாம் ஏத்தலாம். இதுங்களுக்கு மொத்தம் எத்தனை மாசம்?”

“ஏழரை.”

அவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். “ஏழரைல நாலுன்னா, நம்ம கணக்குக்கு அஞ்சாம் மாசம்! நல்ல நாளும் அதுவுமா வந்து நிக்கிறா. வெறுங்கையோடயா அனுப்புறது? வளையல் கழட்டுங்கடி.”

வேண்டாம் என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சிரிப்பும் குலவையுமாக என் சத்தம் அதற்குள் போய்விட்டது. பண்டிகைக்குப் போட்டிருந்த கண்ணாடி வளையல்கள் கைகளிலிருந்து கழன்றன. பச்சை, சிவப்பு. கொம்பின் ஒவ்வொரு கிளையிலும் இரண்டு, மூன்று. “கன்னத்துல சந்தனம் தடவு.” “கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு.” ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அன்று முழுக்க அங்கே ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அதை நினைத்தால்தான் எனக்குப் பல் கூசுகிறது. திட்டுவதற்கு ஒரு அயோக்கியன் கிடைத்திருந்தால் இந்தக் கோபம் என்றைக்கோ ஆறியிருக்கும்.

மான் தலையை உதறியது. வளையல்கள் கலகலத்தன. தன் தலையிலிருந்தே வந்த அந்தச் சத்தத்துக்கு அது மிரண்டது. இன்னும் வேகமாக உதறியது. கண்ணாடி தாரில் விழுந்து உடைந்தது. பின்னால் இழுத்தது, கயிறு இறுகியது, பண்ணைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே கயிற்றைத் தளர்த்துவதற்குள் முன்னங்கால் இரண்டும் மடிந்தன. பார்த்தவர்களுக்கு நமஸ்காரம் பண்ணுவதுபோல இருந்திருக்கும். யாரோ “ஐயோ, கும்பிடுது பாரு!” என்றார்கள். ஃபோன்கள் உயர்ந்தன.

என் மகள் ஃபோன்களுக்கு முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள். “ஸ்டாப் ஃபில்மிங்! வாட் இஸ் ராங் வித் யூ பீப்பிள்?” ஒருங்கிணைப்பாளர் அவளைச் சமாதானப்படுத்த வந்தான். “கண்ணா, காம் டவுன்...” அவள் அவனை ஒரு கையால் ஒதுக்கி, தமிழில், “தள்ளு” என்றாள். அவள் வயதுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் பெரியவனை. நான் திருத்தவில்லை.

ஐஸ் பெட்டியிலிருந்த சோடா டப்பாக்களைத் தரையில் கொட்டிவிட்டு, பெட்டியோடு தூக்கி வந்தார் மாமியார். அந்த ஐஸை அதன் கழுத்திலும் தொடைச் சந்திலும் வைத்து அழுத்தினோம். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றித் தண்ணீர் அள்ளி ஊற்றினார். பக்கத்தில் இருந்ததால் அதன் கண்ணைப் பார்த்தேன். மஞ்சள் தூள் உள்ளே போய் நீர் வழிந்துகொண்டிருந்தது. கையருகே அதன் வயிறு. இரண்டு வருடத்துக்கு முன்பு வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்ட நான் இப்போது தொட்டுக்கொண்டிருந்தேன். கொதித்தது. ரொம்ப நேரம் கழித்து எழுந்து நின்றது. நாலு பேர் பக்கவாட்டில் அணைத்து ஏற்றினோம். கதவு மூடியது. உள்ளே ஏசி உறுமியது. வண்டி புறப்படும்போது கம்பிகளுக்கு நடுவே ஒரு நீல முனை தெரிந்தது.

சீஃப் கெஸ்ட் அதற்குப் பிறகு வந்தார். பானையோடு படம் எடுத்துக்கொண்டார்.

“இப்படி சீன் க்ரியேட் பண்ணிட்டீங்களேக்கா” என்றான் ஒருங்கிணைப்பாளர். முகம் தொங்கிப்போயிருந்தது. நிஜமாகவே வருத்தம். “தனியா கூப்பிட்டுச் சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேனா?”

“சொன்னேன். நீ லைனைப் பாத்துட்டு இருந்த.”

“தெய்வ மான்னு எழுதினது நீங்கதானேக்கா? அழைப்பிதழ் எழுதிக் கொடுத்ததும் நீங்கதானே? எங்களுக்கு என்ன தெரியும்?”

அவன் கேட்டது சரி. கார் பார்க்கிங்கை ஒரு சுற்று சுற்றினேன், இன்னொரு சுற்று. மாமியார் துடைப்பத்தால் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். “நல்லதுக்குத்தானம்மா செஞ்சேன்?” என்று என்னைப் பார்த்தார். “தெரியும் ஆன்ட்டி” என்றேன். குப்பைத் தட்டைப் பிடித்தேன். அவர் கையில் ஒரு வளையல்கூட இல்லை. எல்லாவற்றையும் அவளுக்குப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பண்ணைக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் ஒரு வரியில் வரும். சாப்பிடுகிறாள். இன்று கொஞ்சம் சாப்பிட்டாள். பெயின்ட் போய்விட்டது. பிப்ரவரியில் ஒரு குளிரலை வந்தது. அந்த மூன்று நாளும் நன்றாக இருந்தாள் என்று எழுதினார். அந்த மூன்று நாளும் எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் உறைந்துவிடுமோ என்று எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கணவர் போர்வையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். மார்ச் சூடாக இருந்தது. ஏப்ரல் அதைவிட.

ஏப்ரல் முடியும்போது ஒரு காலையில் எழுதியிருந்தார். குட்டி போடும்போது தாய் இறந்துவிட்டாள். குட்டி உயிரோடு இருக்கிறது. பாட்டிலில் குடிக்கிறது. பழுப்பு.

அந்த நாளால்தானா என்று கேட்டு அனுப்பினேன். தெரியவில்லை மேடம், இந்த வருட வசந்தமே ரொம்பச் சூடு என்று பதில் வந்தது. இதைவிட நேர்மையான பதிலை எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆம் என்றிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டையும் அவர் எனக்குத் தரவில்லை.

குழுவில் எழுதினேன். மூன்று வாக்கியம். ஜனவரியில் நம் பொங்கலுக்கு வந்த மான் நேற்றுக் குட்டி போடும்போது இறந்துவிட்டது. குட்டி பிழைத்திருக்கிறது. அந்த மானைத் தொட யாருக்கும் உரிமை இருக்கவில்லை, எனக்கும்தான், அதை அந்த முதல் பதிவிலேயே எழுதாதது என் தப்பு. கூப்பிய கைகள் வந்தன. மெழுகுவர்த்திகள் வந்தன. ‘ஓம் சாந்தி’ என்று பதினாறு பேர். மாமியார் ஊருக்குத் திரும்பியிருந்தார். அவர் மட்டும் ஃபோன் பண்ணினார். “அன்னிக்கு வெறுங்கையோடவே அனுப்பியிருக்கணும்மா” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து ஒருங்கிணைப்பாளர் கேட்டான்: ‘குட்டியும் வெள்ளையாக்கா?’

‘பழுப்பு’ என்று போட்டேன்.

அதற்கப்புறம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. எங்கே இருக்கிறது, என்ன சாப்பிடுகிறது, ஒன்றும் இல்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் கொஞ்சம் கறுப்பு என்று தெரிந்ததும் காபி டம்ளரைக் கீழே வைப்பார்களே, அந்த அமைதி. அடுத்த செய்தி, சித்திரை விழாவில் மிஞ்சிய காகிதத் தட்டுகள் யாருக்காவது வேண்டுமா என்று. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏறிய வேகத்திலேயே ஒரு நிம்மதியும் வந்தது. பழுப்பு. நல்லது. இனி இதை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள்.

பண்ணைக்காரர் பதினொரு நொடி வீடியோ ஒன்று அனுப்பினார். மகளுக்கு மட்டும் காட்டினேன். அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள். குழுவுக்கு அனுப்பவில்லை. குட்டி எப்படி இருந்தது என்று இங்கே எழுதப்போவதும் இல்லை.